ஈஃபிள் கோபுரத்தடியில் பெண் பார்த்தார்கள்

“துப்பட்டாவச் சரி பண்ணும்மா. முன்னால வா. இன்னும் கொஞ்சம். இப்ப சிரி!”

சொன்னவர் என் கணவர் நாசர். நின்றவள் எங்கள் மகள் அப்ரின். அவளுக்குப் பின்னால், பாவம், ஈஃபிள் கோபுரமும் நின்றுகொண்டிருந்தது. எடுத்த படங்களை வாங்கிப் பார்த்தேன். கோபுரத்தின் ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே மட்டும் விழுந்திருந்தது. மற்றபடி நெற்றியிலிருந்து செருப்பு வரை அப்ரின்தான்.

“மச்சான், கோபுரத்தக் காணோமே?” என்றேன். எங்கள் காரைக்கால் முஸ்லிம் வீடுகளில் கணவரை மச்சான் என்று கூப்பிடுவதுதான் வழக்கம்.

“கோபுரத்த எல்லாரும் பாத்திருக்காங்க. அத எடுத்து அனுப்பி யாருக்கு என்ன லாபம்?”

யாருக்கு அனுப்பப் போகிறார் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நல்ல வெயில், கூடவே சில்லென்று ஒரு காற்று. புல்தரையில் வெள்ளைக்காரர்கள் சொந்த வீட்டுப் பாயில் படுத்திருப்பதைப் போலப் படுத்திருந்தார்கள். எங்கிருந்தோ வெண்ணெய் உருகும் வாசனை வந்தது. நான் சந்தோஷமாக இருந்தேன். சந்தோஷமாக இருக்கும்போது எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும்.

லீவு என்றால் ஊர்

துபாய்க்கு வந்த நாளிலிருந்து லீவு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே பொருள்தான். ஊருக்குப் போவது.

மச்சானுக்குத் தேராவில் அத்தர் கடை. மொத்த வியாபாரம். லீவு வந்தால் அட்டைப்பெட்டிகளை நைலான் கயிறு போட்டுக் கட்டி, மேலே மார்க்கர் பேனாவால் பெயரெழுதி, காரைக்காலுக்குக் கிளம்பிவிடுவோம். போய் ஓய்வெடுப்போம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் காலைப் பசியாறல், அடுத்த வீட்டில் மதியச் சோறு, மூன்றாவது வீட்டில் ‘என் வீட்டுக்கு மட்டும் வரமாட்டீங்களே’ என்ற வருத்தம். திரும்பும்போது ஊறுகாயும் சளியும் கொண்டுவருவோம்.

வேறெங்காவது சும்மா சுற்றிப் பார்க்கப் போவது எங்கள் கட்டடத்தில் கேள்விப்படாத விஷயம். அப்படி யாராவது போனால் ஒன்று வியாபாரம் படுத்துவிட்டது, அல்லது குடும்பத்தில் யாருக்கோ பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் என்று பேசிக்கொள்வார்கள்.

அதனால் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் மச்சான், “இந்த லீவுக்குப் பாரிஸ் போவோம்,” என்றபோது நான் முதலில் அவர் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தேன்.

“அப்ரின் கட்டடக்கலை படிக்கிறால்ல? நாலு பழைய கட்டடத்தப் பாக்கட்டும். ஒனக்கும் ஒரு மாத்தமா இருக்கும்,” என்றார்.

அப்ரின் ஷார்ஜாவில் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சோற்றில் எழுந்து குதித்தாள். எனக்கோ, இத்தனை வருஷம் கழித்து, கன்னம் சிவந்தது. இந்த மனுஷனுக்குள் இப்படி ஓர் ஆசை எந்த அலமாரியில் இத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று எண்ணி எண்ணிப் பூரித்துப்போனேன்.

விமான நிலையத்தில் பாரிஸ் வரிசையில் நைலான் கயிறு கட்டிய பெட்டிகளோடு நின்றது நாங்கள் மட்டும்தான். உள்ளே அரிசி, சோறாக்கும் குக்கர், மாசிக் கருவாட்டுத்தூள். ஒரு பெட்டி முழுக்க அத்தர். பாரிஸுக்கே வாசனைத் திரவியம் கொண்டுபோன முதல் மனிதர் என் கணவராகத்தான் இருப்பார்.

வாடா டப்பா

அந்த அத்தரெல்லாம் ஜைனம்பு மதினிக்கு. மச்சானின் அக்கா. கல்யாணமாகிப் பாரிஸ் போனவர். பாரிஸ் என்று ஊரில் சொல்லிக்கொள்வோமே தவிர, ரயிலேறிப் போகவேண்டிய ஒரு புறநகரில் அவர் வீடு. மச்சானுக்கு லாத்தா, அதாவது அக்கா, சொல்லே சட்டம். தேராவில் கடைக்கு இடம் பார்த்தபோதுகூடப் பாரிஸுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் முன்பணம் கொடுத்தார்.

கோபுரத்துக்கு எங்களைக் கூட்டிவந்ததும் மதினிதான். படமெடுத்து முடித்த நேரத்தில் தூரத்திலிருந்து ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து வந்தது.

“அட, ஜைனம்பு லாத்தா! நீங்க எங்க இங்க?” என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியம் கொஞ்சம் ஒத்திகை பார்த்ததைப் போல இருந்தது.

“தம்பி துபாய்லேந்து வந்திக்கிறாஹ. சுத்திக் காட்டலாம்னு கூட்டியாந்தேன்,” என்றார் மதினி. சொல்லிக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே வாடா. அரிசிமாவில் இறால் வைத்துப் பொரிக்கும் எங்கள் ஊர்ப் பலகாரம். பாரிஸில், பகல் வெயிலில், அத்தனை வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் இறால் வாசனை கமகமவென்று எழுந்தது. மதினி டப்பாவை அப்ரின் கையில் கொடுத்தார்.

“நீயே எடுத்து நீட்டும்மா. ஒவ்வொருத்தருக்கா.”

எனக்குச் சுரீரென்றது.

எங்கள் பக்கம் பெண் பார்க்க முதலில் வருவது பெண்கள்தான். ‘சும்மா இந்தப் பக்கம் வந்தோம்’ என்று வருவார்கள். பெண் தன் கையால் பலகாரத்தை ஒவ்வொருவருக்காக நீட்ட வேண்டும். வந்தவர்கள் பலகாரத்தைப் பார்க்க மாட்டார்கள். கையைப் பார்ப்பார்கள், நடையைப் பார்ப்பார்கள், குனியும்போது முகம் சுளிக்கிறாளா என்று பார்ப்பார்கள். அந்த அம்மாளும் வாடாவை வாங்காமல் அப்ரினின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்ரினுக்கு ஒன்றும் தெரியாது. “ஆன்ட்டி, ரெண்டு எடுத்துக்கங்க,” என்று சிரித்தாள்.

“மாஷா அல்லாஹ்,” என்றார் அந்த அம்மாள். நாங்கள் பாரிஸைப் பார்க்க வந்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம். பாரிஸ் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளைகளுக்கு மார்க்கெட் நிலவரம்

இந்த இடத்தில் மற்ற ஊர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மாப்பிள்ளையின் மதிப்பு அவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்பதில்தான் இருக்கிறது. ஒரு காலத்தில் சைகோன் மாப்பிள்ளை என்றால் தனி மவுசு. பிறகு சிங்கப்பூர் மாப்பிள்ளை. பிறகு துபாய் மாப்பிள்ளை வந்தார். வாசனையோடு வந்தார், சூட்கேஸோடு வந்தார். ஆனால் எந்தக் காலத்திலும் விலை இறங்காத சரக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சு நேஷனாலிட்டி மாப்பிள்ளை. காரைக்காலைப் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்டுவிட்டுப் போனதில் சில குடும்பங்களுக்கு மிஞ்சியது அந்தப் பாஸ்போர்ட். மாப்பிள்ளை கறுப்பா சிவப்பா, குட்டையா நெட்டையா, என்ன வேலை, பல் இருக்கிறதா என்ற கேள்விகளெல்லாம் பாஸ்போர்ட்டைப் பார்த்தவுடன் அடங்கிவிடும்.

நான் துபாய் மாப்பிள்ளைக் காலத்துப் பெண். பி.ஏ. இரண்டாம் வருஷத்தில் இருந்தேன். பொருளாதாரம். ‘துபாய் மாப்பிள்ளை காத்திருப்பாரா?’ என்று கேட்டார்கள். பொருளாதாரம் காத்திருக்கும் என்று முடிவு பண்ணினார்கள். அது இன்னும் காத்திருக்கிறது.

அன்று மதினி வீட்டுக்குத் திரும்பியதும் மச்சானைத் தனியே பிடித்தேன்.

“இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?”

“வந்த எடத்துல ரெண்டு நல்ல குடும்பம் புள்ளயப் பாத்தா என்ன தப்பு? பாக்கறதுக்கு என்ன டேக்ஸா போடுறான்?”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா ஒம் மூஞ்சியிலயே தெரிஞ்சிடும். லாத்தாதான் சொன்னாஹ, வீட்ல வெச்சுப் பாத்தா புள்ள வெறச்சுப்போயிடும், வெளிய வெச்சுப் பாத்தா இயல்பா இக்கும்னு.”

“படிப்பு?”

“கட்டடம்தானே படிக்கிறா? பாரிஸ்ல இல்லாத கட்டடமா? கட்டிக்கிட்டு வந்து இங்கயே பாத்துக்கட்டும்.”

அவருடைய ஆசையை எண்ணிப் பூரித்தேனே, அந்தப் பூரிப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. கோபம் கோபமாக வந்தது. மதினி வீட்டு அடுப்படியில் வெங்காயத்தை வழக்கத்தைவிடப் பொடியாக அரிந்தேன்.

ஆற்றில் அளந்தது

மறுநாள் ஸேன் ஆற்றில் படகு. அங்கேயும் ஒரு குடும்பம் ‘தற்செயலாக’ ஏறியது.

பாலங்கள் ஒவ்வொன்றாக வந்தன. எங்கள் தேரா ஓடையில் அப்ரா படகில் போகும்போதுகூட அப்ரின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் தலையைத் திருப்பிக்கொண்டே வருவாள். இங்கே கேட்கவா வேண்டும்? ஒரு பழைய பாலத்தின் அடியில் கல்லில் செதுக்கிய முகங்களைப் பார்க்க எழுந்து நின்றாள். உடனே மாப்பிள்ளைப் பையனின் சின்னம்மாவும் பக்கத்தில் போய் நின்றார். அவர் தலை அப்ரினின் காதுவரைக்கும் வந்தது. “நம்ம பையன விட ஒரு விரல்கட கம்மி. சரியாத்தான் இக்கும்,” என்று தன் அக்காவிடம் சொன்னார்.

“முடி எவ்வளவு நீளம்?” என்று அந்த அக்கா என்னிடம் கேட்டார். அப்ரின் தலையைச் சுற்றித் துப்பட்டாவை இறுக்கமாகக் கட்டியிருந்தாள். அக்கா ஆற்றுக் காற்றைப் பெரிதும் நம்பி வந்திருந்தார் போல. கடைசிவரை ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்ரின் முட்டாள் இல்லை. திரும்பும்போது ரயிலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“உம்மா, நேத்து வாடா, இன்னிக்கி ஹைட். நான் நெனக்கிறதுதானா?”

“ம்.”

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“நேத்துத்தான் தெரியும்.”

“வாப்பா எஸ் சொல்லிட்டா நான் கோர்ஸ விடணுமா?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவள் விடவில்லை.

“சீரியஸா கேக்குறேன் உம்மா. நீங்க ஏதாச்சும் சொல்வீங்களா? இல்ல, எப்பவும்போல டீ போடப் போயிடுவீங்களா?”

பெற்ற பெண் வாயால் இதைக் கேட்கும்போது நெஞ்சில் எங்கே வலிக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதற்குள் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டது.

மேட்டில் ஒரு பேரம்

மூன்றாவது இடம் ஒரு குன்று. உச்சியில் வெள்ளை வெளேரென்று ஒரு தேவாலயம், அதன் முன்னால் அகலமான படிக்கட்டு. அங்கே உட்கார்ந்தால் கீழே மொத்த நகரமும் தெரிகிறது. எந்த ரயிலில் வருவது, எங்கே இறங்குவது என்று மதினி வழியெல்லாம் தன் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். முட்டியைப் பிடித்தபடி ஏறி, மூச்சு வாங்க நின்றார்.

இந்த முறை மாப்பிள்ளைப் பையனே வந்திருந்தான். இம்ரான். கம்ப்யூட்டர் வேலை. நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. கூட அவன் அம்மா, ஃபாத்திமா. ஒளிவுமறைவு இல்லாத மனுஷி. ‘தற்செயலாக வந்தோம்’ என்றெல்லாம் நடிக்கவில்லை.

“பொண்ணப் பாக்கத்தான் வந்தோம். பாத்தாச்சு, புடிச்சிக்கிது,” என்றார்.

மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. பாஸ்போர்ட்டையே கையில் வாங்கிவிட்டதைப் போல உட்கார்ந்திருந்தார்.

“ஒரு விஷயம்,” என்றார் ஃபாத்திமா. “கல்யாணமாயி புள்ள இங்க வரவேணாம். எங்க பையன் துபாய்க்கு வந்துடுவான்.”

“எங்க?” என்றார் மச்சான்.

“துபாய்க்கு. இப்ப இங்கத்திப் புள்ளைங்க பூரா அங்கதான் போறாஹ. பாங்கு சத்தம் கேக்குது, ஹலாலான்னு தேடித் தேடித் திங்க வேணாம், டேக்ஸ் கெடையாது. அங்க ஒரு எடத்துல சேத்துவிட ஆள் வேணும்ல? அதான் துபாய்ல பொண்ணு பாக்குறோம்.”

“அங்கிள், துபாய்ல ஐடி மார்க்கெட் எப்படி இருக்கு?” என்று இம்ரான் ஆங்கிலத்தில் கேட்டான்.

தான் விற்க வந்த சரக்கையே எதிர்க்கடைக்காரன் எடுத்துத் தன்னிடம் விற்றால் ஒரு வியாபாரியின் முகம் எப்படிப் போகும்? மச்சானின் முகம் அப்படிப் போனது. சைகோன், சிங்கப்பூர், துபாய் என்று ஏறிக்கொண்டே போன ஏணி பாரிஸைத் தொட்டுவிட்டுத் திரும்பவும் தேராவில் இறங்கும் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

“பாரிஸ விட்டுட்டா?” என்றார்.

“பாரிஸ்ல என்னா இக்கிது? லாத்தாகிட்டயே கேளுங்க. வந்த நாள்லேந்து அடுப்படி, புள்ளைங்க ஸ்கூலு, ஆஸ்பத்திரி. லாத்தா, இந்த மேட்டுக்கு நீங்க எத்தன தடவ வந்திக்கிறீங்க?”

மதினி துப்பட்டா முனையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கித்தான்,” என்றார்.

மச்சான்தான் முதலில் சுதாரித்துக்கொண்டார். வியாபாரிக்கு நஷ்டத்திலும் லாபம் தெரியும். “அதுவும் நல்லதுதான். புள்ள நம்ம கண்ணு முன்னாலயே இருக்கும். ஹாஜரா, என்ன சொல்றே?” என்று என்னைப் பார்த்தார்.

எனக்கும் ஒரு நிமிஷம் மனசு ஆடியது. மகள் பக்கத்துக் கட்டடத்தில் இருப்பாள். நினைத்தால் போய்ப் பார்க்கலாம். யாருக்குத்தான் ஆசை இருக்காது?

“ரமலான் முடிஞ்சதும் நிக்காஹ் வெச்சுக்குவோம்,” என்றார் ஃபாத்திமா. “படிப்ப இத்தோட நிறுத்திக்கட்டும். வீடு பாத்துக் குடியேத்துறதுக்கே பொம்பளைக்கி நேரம் சரியாயிக்கும்.”

அப்ரின் என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, அழவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தாள், அவ்வளவுதான். அந்த மேட்டில், நல்லவேளை, டீ போட அடுப்படி இல்லை.

“அவ படிச்சு முடிக்கட்டும்,” என்றேன்.

“என்ன?” என்றார் மச்சான்.

“படிச்சு முடிக்கட்டும்னேன். அதுக்கு முன்னால யாரும் பாக்க வரவேணாம். வீட்டுக்கும் வேணாம், கோபுரத்துக்கும் வேணாம், படகுக்கும் வேணாம். முடிச்சப்புறம் அவளுக்குப் புடிச்சா பாப்போம்.”

“ஹாஜரா, தெரிஞ்சுதான் பேசுறியா?”

“தெரிஞ்சுதான் பேசுறேன். என்னை ரெண்டாம் வருஷத்துல எழுப்பிக் கூட்டிட்டு வந்தீங்கள்ல? மிச்சம் என்ன பாடம்னு இன்னிவரைக்கும் தெரியாது. எம் பொண்ணுக்குத் தெரியட்டும்.”

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த சீனாக்காரர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். மச்சான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“லாத்தா, நீங்க சொல்லுங்க.”

மதினி சொல்லிவிட்டால் கலாஸ். அதற்குமேல் எங்கள் குடும்பத்தில் கோர்ட்டு கிடையாது. இந்த மூன்று குடும்பங்களையும் தேடிப் பிடித்து வரவழைத்தவர் அவர். வாடா சுட்டவரும் அவர்.

மதினி படிக்கட்டில் மெல்ல உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார். கீழே நகரத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

“படிக்கட்டும் நாசரு,” என்றார். “புள்ளைய விடு.”

ஃபாத்திமா கோபித்துக்கொள்ளவில்லை, “அல்லாஹ் நாடுனா பாப்போம்,” என்றார். இம்ரானும் பெரிதாக வருந்தியதாகத் தெரியவில்லை. பெண் போனால் போகட்டும், துபாய் கைவிட்டுப் போகக்கூடாது என்று மச்சானைப் பிடித்துக்கொண்டு, தன் விவரங்களை எந்த நம்பருக்கு அனுப்புவது என்று கேட்டுக்கொண்டிருந்தான். மச்சானும், என்ன இருந்தாலும் ஊர்ப் பையன் என்று, ஃப்ரீ ஸோன் கம்பெனிகளில் யார் யாரைத் தெரியும் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

அப்ரின் என் கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு, மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மதினி கீழே கைகாட்டினார்.

“அந்தா, ரெண்டு மொட்டக் கோபுரம் தெரியுதே, அது என்னாம்மா?”

“அதுதான் நோத்ர்தாம், மாமி. அன்னிக்கி எரிஞ்சுபோச்சுல்ல? அப்புறம் திரும்பக் கட்டினாங்களே, அது.”

மதினி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“எரியறத டீவில பாத்து நான் அழுதேன்டி,” என்றார். “இவ்வளவு கிட்டயா இக்கிது?”